காதின் பின்னால் ஓர் என்பு

உங்கள் காதின் பின்புறம் விரலை வைத்துப் பாருங்கள். கடினமான மேடு ஒன்று தட்டுப்படும். அதுதான் மாஸ்டொயிட் என்பு. வெளியே கல்லைப் போலிருந்தாலும் உள்ளே தேன்கூட்டைப் போன்று காற்றறைகள் நிறைந்தது. இவ்வறைகள் நடுச்செவியுடன் தொடர்புபட்டவை. தடிமன் பிடித்தால் கிருமிகள் தொண்டையிலிருந்து ஒரு சிறு குழாய் வழியே நடுச்செவிக்கு ஏறும். அங்கே கட்டும் சீழை அரைகுறை மருந்துடன் விட்டுவிட்டால் அது தேன்கூட்டுக்குள் புகுந்து என்பையே அரிக்கும்.

கண்டியில் மழை தொடங்கினால் வகுப்பில் பாதிப்பேருக்குத் தடிமன்தான். ஆகவே இது நமக்குத் தூரத்து விடயமல்ல. கட்டுகஸ்தோட்டையில் வசிக்கும் என் சாச்சியின் மகளுக்கு இவ்வருடம் முதலாம் தவணையில் இந்நோய் வந்தது. காதுவலிக்கு வாங்கிய குளிசைகளை மூன்று நாள் குடித்தாள். வலி குறைந்ததும் நிறுத்திவிட்டாள். பத்து நாட்களின் பின் காய்ச்சல். காதின் பின்னால் வீக்கமும் வந்திருந்தது. ஆனால் பாடசாலையிலும் டியூஷன் வகுப்பிலும் பர்தா, யார் காண்பது? தலை வாரிவிட்ட உம்மம்மாதான், "இந்தக் காது ஏன் மகள் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிக்கிது?" என்று கேட்டார். காது முன்னோக்கியும் கீழ்நோக்கியும் தள்ளப்பட்டு நிற்பதே இந்நோயின் தெளிவான அடையாளம். அதைத் தொட்டாலே நோகும்.

அங்கே வரும் எல்லா வீக்கமும் இதுவல்ல. பேன் கடித்துத் தலையில் புண் வந்தாலும் (விடுதித் தோழியர் கோபிக்க வேண்டாம்!) நிணநீர்க்கணு வீங்கும். அது சிறு கொட்டை போல விரலுக்கடியில் நழுவும். காது இடம் மாறாது.

கண்டி தேசிய வைத்தியசாலையில் வைத்திய நிபுணர் விளக்குக் கருவியால் செவிப்பறையைப் பார்த்தார். இரத்தப் பரிசோதனையின் பின் சி.ரி. ஸ்கேன். ஒரு காதுக்கு இவ்வளவா என்று சாச்சி அழுதார். ஆனால் அந்த அறைகளின் மெல்லிய கூரைக்கு மேலே இருப்பது மூளை. பின்னால் மூளையிலிருந்து இரத்தம் வரும் பெருநாளம். அருகே முகத்தை அசைக்கும் நரம்பு. சீழ் எந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு போகிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது.

இலக்கியம் படிப்போருக்கு ஒரு செய்தி. ஒஸ்கார் வைல்டின் தந்தை சேர் வில்லியம் வைல்ட் டப்ளின் நகரின் புகழ்பெற்ற காது வைத்தியர். காதின் பின்புறம் கீறிச் சீழை வெளியேற்றும் முறைக்கு 'வைல்டின் கீறல்' என்றே பெயர். அவருடைய மகன் 1900 நவம்பர் 30இல் பரிஸில் இறந்தபோது, காதுநோய் மூளையுறைக்குப் பரவியதே காரணம் என்று அவரைக் கவனித்த வைத்தியர்கள் எழுதினர். தந்தை இறந்து அப்போது 24 ஆண்டுகள். பிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடிக்க இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன.

இன்று அந்த மருந்துகள் நாளத்தினூடாக ஏற்றப்படுகின்றன. பலருக்கு அதுவே போதும். இவளுக்கு இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்காததால், மயக்க மருந்து கொடுத்து, காதின் பின்னால் கீறி, பழுதான அறைகளைத் துளைத்துச் சுத்தம் செய்தார்கள். செவிப்பறையிலும் சிறு துளையிட்டுச் சீழை வடித்தார்கள். சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமேனும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பின்புதான் உண்மையான பாடு. காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. குளிக்கும்போது வஸ்லீன் பூசிய பஞ்சு வைத்தாள். மகாவலிக் குளிப்பு அடியோடு நின்றது. வுழூவில் ஈரவிரலைக் காதுக்குள் விடவில்லை; நமது ஷாஃபிஈ மத்ஹபில் காதை மஸ்ஹு செய்வது சுன்னத்துத்தானே. வெள்ளைப்பூடு போட்டுக் காய்ச்சிய எண்ணெயுடன் வந்த அயலவரை உம்மம்மா தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். துளையுள்ள செவிப்பறைக்குள் எண்ணெய் ஊற்றுவது நெருப்புடன் விளையாடுவது. குளிசைகளை இம்முறை கடைசி வரை எண்ணிக் கொடுத்தது சாச்சி.

ஆறு வாரங்களின் பின் செவிப்புலன் பரிசோதனை நடந்தது. வலது காதில் மெல்லிய சத்தங்கள் இன்னும் சற்றுக் குறைவாகவே கேட்கின்றன. அடுத்த தவணையில் மீண்டும் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை வகுப்பில் முன்வரிசையில் வலப்பக்கச் சுவரோரம் அமர்கிறாள், இடது காது ஆசிரியையின் பக்கம் இருக்கும்படி.