சுண்ணாம்பாறு கரையில் பாட்டியும் நடக்கணும்... சக்கர நாற்காலியும் உருளணும்!

புதுச்சேரி:-
புதுச்சேரி-கடலூர் சாலையில் நோணாங்குப்பம். லீவு நாள் வந்தால் சுண்ணாம்பாறு படகு குழாமில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். ஆற்றில் படகு ஏறி, கடலும் ஆறும் சேரும் இடத்தில் உள்ள பாரடைஸ் பீச்சுக்குப் போய் வருவதில் எல்லோருக்கும் ஆசை.

ஆனால் முட்டி வலிக்கிற பாட்டி? போலியோ பாதித்த தம்பி? "நீங்க இங்கேயே உட்காருங்க, நாங்க போயிட்டு வந்துடறோம்" என்று பையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறோமே, அது நியாயமா? ஆற்றங்கரை எல்லோருக்கும் பொதுவாக என்ன செய்ய வேண்டும்? விவரம் வருமாறு:-

ஒரு அடிக்கு 12 அடி!

சாய்தளம் என்று பெயருக்கு செங்குத்தாகக் கட்டினால் ஆளைக் கவிழ்த்துவிடும். 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் என்பதுதான் கணக்கு. 3 அடி உயர மேடை என்றால் 36 அடி. நடுவில் நின்று மூச்சு வாங்க சமதளமும் வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி கட்டாயம். தண்ணீர் ஓரத்தில் சிறு தடுப்பு விளிம்பு இருந்தால் சக்கரம் வழுக்கி ஆற்றில் இறங்காது. பார்வையற்றவர்களின் கைத்தடிக்கும் அதுதான் வழிகாட்டி.

படகில் ஏறுவது எப்படி?

பெரிய சிக்கலே இங்குதான். கடல் பக்கத்தில் இருப்பதால் ஆற்றின் நீர்மட்டம் ஏறி இறங்கும். கரை மேடை அசையாது, படகு மட்டும் மேலும் கீழும் போகும். இதற்கு மருந்து மிதவை மேடை. தண்ணீரோடு அதுவும் ஏறி இறங்கும் என்பதால் படகுக்கும் மேடைக்கும் உயரம் மாறாது. கரையையும் மிதவையையும் கீல் வைத்த பலகைப் பாலம் இணைக்கும்.

மெரினா சொல்லும் பாடம்

அக்கரையில் மணல். சக்கரம் புதைந்துவிடும். சென்னை மெரினாவில் 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் மரப்பாதை போட்டு 2022 நவம்பர் 27-ந்தேதி திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதம்! பழுது பார்த்து மீண்டும் திறந்தார்கள். பாதை போட்டால் மட்டும் போதாது, பராமரிப்புப் பணமும் ஒதுக்கணும் என்பதே பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொதுக் கட்டிடம் என்பதில் பொழுதுபோக்கு இடங்களும் அடக்கம். அணுகல் வசதியை வெறும் பரிந்துரையாக விடாமல் கட்டாய விதியாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பர் 8-ந்தேதி தீர்ப்பளித்தது. ஆக, இது தயவு அல்ல, உரிமை.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தை வண்டி தள்ளும் தாய்மார்கள் இதில் சேரவில்லை. கால் சுளுக்கினால் நாளைக்கு நமக்கும் இதே சாய்தளம்தான் துணை.

அடுத்த முறை படகு குழாம் போகும்போது பாருங்கள். டிக்கெட் கவுண்டர் உட்கார்ந்தவர் கைக்கு எட்டுகிறதா? கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா? நிழலில் உட்கார பெஞ்ச் இருக்கிறதா? இல்லை என்றால் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு மனு எழுதுங்கள். கேட்டால்தானே கிடைக்கும்!