பல் நறநறப்பு: கடியை அளக்கும் படலமும் அச்சிடப்படும் தகடும்

தூக்கத்தில் பற்களை நறநறவென்று அரைப்பதும் இறுகக் கடிப்பதும் மருத்துவத்தில் ‘புரக்சிசம்’ எனப்படும். குழந்தை பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று தமிழ் வீடுகளில் சொல்வதுண்டு. ஆனால் தூக்க ஆய்வகங்களில் மூளை அலைகளையும் தாடைத் தசைகளின் மின் அசைவுகளையும் ஒருசேரப் பதிவு செய்தபோது, உறக்கம் சில நொடிகள் மேலோட்டமாகக் கலைந்து இதயத் துடிப்பு விரைவுபடும் தருணங்களிலேயே பெரும்பாலும் அத்தசைகள் தாளகதியில் சுருங்குகின்றன என்று தெரியவந்தது. மன அழுத்தம், மது, புகை, காபி, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவை இதனை மிகுவிக்கக்கூடும்.

இந்த அறிவு எளிதில் வந்துவிடவில்லை. மேல், கீழ்ப் பற்கள் சரிவரப் பொருந்தாமல் ஏதோ ஒரு பல் முந்தி இடிப்பதே நறநறப்புக்குக் காரணம் என்ற கருத்து, 1961இல் ராம்ஃப்யோர்டு வெளியிட்ட ஆய்வுக்குப் பின் வலுப்பெற்று, இயல்பான பற்களையே ராவிச் சமன்செய்யும் சிகிச்சைக்கு இடம் கொடுத்தது. பிற்கால ஆய்வுகள் அக்கருத்துக்குத் துணைநிற்கவில்லை. ராவி எடுத்த எனாமலோ, அதாவது பல்லின் கடினமான மேலுறையோ, மறுபடி வளர்வதில்லை.

ஆகவே கடியை அளக்கும் கருவிகள் எதற்குப் பயன்படுகின்றன என்பதைத் தெளிவாக வரையறுக்க வேண்டியுள்ளது. மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் வண்ணத்தாள், பற்கள் எங்கே தொடுகின்றன என்பதைக் காட்டுமே தவிர, எது முதலில் தொட்டது, எவ்வளவு அழுத்தத்துடன் தொட்டது என்பதைக் காட்டாது. பெரிய கறை விழுந்த இடத்தில் விசை குறைவாகவும், சிறு புள்ளியில் மிகுதியாகவும் இருப்பது உண்டு. 1980களில் வில்லியம் மேனஸ் உருவாக்கிய டி-ஸ்கேன் கருவியில், ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள உணர்படலத்தை நோயாளி கடிக்கும்போது, ஒவ்வொரு பல்லிலும் விசை ஏறி இறங்கும் வரிசை கணினித் திரையில் தெரிகிறது. திரையில் வரும் எண், மொத்த விசையில் அப்பல்லின் பங்கைச் சொல்லும் விழுக்காடே அன்றி, உண்மையான விசையின் அளவு அன்று. பல்லிடையே சிக்கும் மிக மெல்லிய நாரைக்கூட உணரும் வாய்க்கு அந்தப் படலமே ஓர் இடையூறு என்பதும் கருதத்தக்கது. இதன் பொருத்தமான பயன், பற்களை ராவுவதில் அன்று, தூக்கத்தில் பற்களின்மேல் அணியும் காப்புத் தகட்டின் மேற்பரப்பைச் சரிசெய்வதிலேயே உள்ளது.

‘நைட் கார்டு’ என்று பல் மருத்துவமனைகளில் வழங்கும் அத்தகடு, பற்கள் ஒன்றையொன்று தேய்க்காமல் காக்கிறது. முன்பு மாவுபோன்ற பொருளால் அச்செடுத்து, சாந்து வார்ப்பின்மேல் அக்ரிலிக்கால் அமைப்பர். இன்று வாயை ஒளிவருடியால் பதிவு செய்து, தகட்டைக் கணினியில் வரைந்து, ஒளிபட்டு இறுகும் பிசினை அடுக்கடுக்காகப் படியவைத்து முப்பரிமாண அச்சுப்பொறியில் உருவாக்க முடிகிறது. தேய்ந்தால் அதே கோப்பிலிருந்து மீண்டும் அச்சிடலாம் என்பது பெரும் வசதி. ஆயினும், இறுகாத பிசினைக் கழுவி நீக்கி, மறுபடி ஒளியில் பதப்படுத்தும் கட்டத்தில் அலட்சியம் நேர்ந்தால் தகடு வலுவிழப்பதுடன் வாயில் எரிச்சலும் உண்டாகலாம். பல ஆய்வக ஒப்பீடுகளில், கெட்டியான அக்ரிலிக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த தகடே உறுதி மிக்கதாக இருந்தது.

எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும், தகடு நறநறப்பை நிறுத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே 2007இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு முடிவுசெய்தது. உரக்கக் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி வழிபவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உள்ளதா என்று முதலில் ஆராய்வது இன்றியமையாதது. ஏனெனில் 2004இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மேல்தாடைத் தகடு அணிந்த அந்நோயாளிகள் சிலருக்கு மூச்சுத்தடை மேலும் கூடியது.