பெயரும் முதன்மையும்: கடற்கருவிச் சொற்கள் சில

கருவி ஒன்றைக் கண்டறிந்தவர் அதற்குரிய ஏற்பைப் பெறுவது என்றும் எளிதாக இருந்ததில்லை. கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கும் வழிக்கு 20,000 பவுன் வரை பரிசளிக்க 1714இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. தச்சுத் தொழிலராகிய ஜான் ஹாரிசன் 1759இல் தம் நான்காம் கடற்கடிகாரத்தை முடித்தார். 1761இல் அது ஜமைக்காப் பயணத்தில் சோதிக்கப்பட்டது. எனினும் தீர்க்கரேகை வாரியம் முழுப் பரிசையும் அவருக்கு வழங்கவில்லை. 1773இல் பாராளுமன்றமே தலையிட்டு 8,750 பவுன் அளித்தது. கருவி, செய்தவர் பெயர், சோதனைக் குறிப்பு ஆகிய மூன்றும் இருந்தவர் நிலையே இது. இந்தியப் பெருங்கடலின் பெயரறியா மாலுமிகளுக்கோ பலவிடத்தும் எஞ்சியது கருவியின் பெயர் மட்டுமே. பெயர் ஒன்றே முதன்மைக்குச் சான்றாகுமா என்பது மொழியியலார் விடை கூற வேண்டிய வினாவாகும்.

1882இல் வெளிவந்த பம்பாய் மாகாண விவரச்சுவடியின் தாணே தொகுதி, பண்டை இந்தியரிடம் திசைகாட்டி இருந்ததென்று கூறுகிறது. எண்ணெயில் மிதந்து வடக்கைக் காட்டும் இரும்பு மீனே அக்கருவி என்பர். இதற்கு அது காட்டும் சான்று, மோல்ஸ்வொர்த்தின் மராத்தி அகராதி தரும் 'மச்சயந்திர' என்னும் சொல். 1912இல் ராதாகுமுத் முகர்ஜி தம் கப்பற்கலை நூலில் இக்கூற்றை எடுத்தாண்டார்; அதன்பின் இது பரவலாயிற்று.

அவ்வகராதியின் முதற்பதிப்பு 1831இல் வெளிவந்தது. ஆகவே அது அக்காலச் சொல்வழக்கிற்கே நேர்ச்சான்று, கருவியின் பழமைக்கன்று. 'மச்ச' பிராகிருத வடிவம், 'யந்திர' வடசொல். இத்தகைய தொகைச்சொல் எந்த நூற்றாண்டிலும் ஆக்கப்படலாம். மேலும், மீன்வடிவத் திசைகாட்டியைச் சீன நூலொன்று 1044இலும், பாரசீக நூலொன்று 1232இலும் குறிப்பிடுகின்றன. வெளியிலிருந்து வந்த கருவிக்கு அதன் வடிவம் நோக்கி இங்கே பெயரிட்டிருத்தலும் கூடும். இன்றைய மராத்தியில் திசைகாட்டிக்கு வழங்கும் சொல் 'ஹோகாயந்திர' என்பதும் கருதத்தக்கது.

இத்தகைய சிக்கலைத் தீர்க்கும் முறை புனேயிலேயே உள்ளது. தக்காணக் கல்லூரியில் 1948இல் தொடங்கிய வரலாற்று முறைச் சமஸ்கிருத அகராதித் திட்டம், ஒவ்வொரு சொல்லையும் அது பயிலும் நூல்களின் கால வரிசையில் வைத்துப் பொருள் காண்கிறது. சொல் இருக்கிறது என்பதைவிட, எந்நூலில் எப்பொருளில் முதலில் வருகிறது என்பதே அங்கு முதன்மை பெறும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு தமிழ்க் கரையில் உண்டு. சோழமண்டலக் கரை மாலுமிகளின் உத்திகளைக் காங்கிரீவ் என்பவர் 1850இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் விளக்கினார். அவற்றுள் ஒன்று இராப்பலகை. பலகையின் நடுவே கயிறு கோத்து முடிச்சுகள் இடப்படும். முடிச்சைப் பல்லால் கவ்விக் கயிற்றை விறைப்பாகப் பிடித்தால், பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவ மீனையும் தொடவேண்டும். துருவ மீனின் உயரம் ஏறத்தாழ அவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமம். ஆதலின் ஒவ்வொரு முடிச்சும் ஓர் ஊரின் அட்சரேகையைக் குறிக்கும்.

இங்குப் பெயரோடு பயன்முறையும் பதிவாகியுள்ளது. ஆயினும் இதுவும் தமிழர் முதன்மையை நிறுவாது. இதனையொத்த கருவியை அரபு மாலுமிகள் 'கஷபா' என்றனர். அச்சொல்லின் பொருள் மரம், பலகை. சீனப் பெயரும் விண்மீன் பலகை என்னும் பொருளையே தரும். அரபியரும் சீனரும் விண்மீன் உயரத்தை அளந்த அலகின் பெயர் 'விரல்'. மூன்று மொழிகளிலும் கருவி பலகையாகவே பெயர் பெற்றிருப்பது, துறைமுகங்களிடையே அறிவு கைமாறியதைச் சுட்டுகிறது எனக் கொள்ளலாம்.

ஆகவே 'முதலில் கண்டவர் யார்' என்னும் வினாவுக்குச் சொற்கள் தனித்து விடை தரா. யார் யாருடன் பழகினர், எதனைப் பயன்படுத்தினர் என்பவற்றுக்கே அவை சான்று பகரும். சான்று தாங்காத பெருமையை ஏற்றினால், சான்றுள்ள இராப்பலகையும் ஐயத்திற்கு உள்ளாகும். பெயரறியா மாலுமிகளுக்கு அளிக்கக்கூடிய உண்மையான ஏற்பு, மீனவர் வழக்கில் எஞ்சியுள்ள கடற்சொற்களைப் பயன்முறையோடு சேர்த்துத் தொகுப்பதேயாம்.