எடையால் விழாத தூண்கள்

பெயின்ட் பிரஷ் ஒன்றைத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும்வரை மயிர்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். வெளியே எடுத்தால் எல்லாம் ஒன்றாகக் கூடிக் கூர்முனையாகிவிடும். ஒட்டவைப்பது ஈரம்தான் என்றால் தண்ணீருக்குள்ளேயே ஒட்டியிருக்க வேண்டுமே? நீரும் காற்றும் சந்திக்கும் விளிம்புதான் மயிர்களை இழுத்துச் சேர்க்கிறது. பள்ளியில் படித்த அதே பரப்பு இழுவிசை.

சிலிக்கோன் ரப்பரில் நுண்தூண்கள் வார்ப்பவர்களுக்கும் இதே தொல்லை. பி.டி.எம்.எஸ். என்கிற இந்த ரப்பரை 1990களில் ஹார்வர்டில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸின் குழு பிரபலமாக்கியது. செதுக்கிய அச்சில் கூழாக ஊற்றி, சூடுகாட்டி, இறுகியதும் உரித்தெடுத்தால் ரப்பர் ஸ்டாம்ப் தயார். அதிலுள்ள கோடுகள் மட்டும் மைக்ரோமீட்டர் கணக்கு.

கோபுரம் கட்டுகிறவர் எடைக்குப் பயப்படுவார். இங்கே அந்தப் பயமே கிடையாது. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் 10 மடங்கு சுருக்கினால் எடை 1000 மடங்கு குறையும். பரப்போ 100 மடங்குதான். சிறுக்கச் சிறுக்கப் பரப்பின் கை ஓங்கும். அதனால் தூண் பக்கத்துத் தூணோடு ஒட்டிக்கொண்டுதான் சாய்கிறது. உயரத்தை இரட்டித்தால், வளைக்க எட்டில் ஒரு பங்கு விசை போதும். தடிமனைப் பாதியாக்கினால் பதினாறில் ஒரு பங்கு. தூண்களைத் தள்ளித் தள்ளி வைத்தாலும் நிம்மதியில்லை, நடுவே ஸ்டாம்பின் கூரை தொய்ந்து தரையைத் தொட்டுவிடும்.

2003இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம் (பின்னாளில் கிராஃபீனுக்காக நோபல் வாங்கியவர்) குழுவினர் பல்லியின் பாதத்தைப் பார்த்து ஒரு டேப் செய்தார்கள். பாலிஇமைடு பிளாஸ்டிக்கில் 2 மைக்ரோமீட்டர் உயர மயிர்கள். ஸ்பைடர்மேன் பொம்மை ஒன்று ஒற்றைக் கையால் கண்ணாடியில் தொங்கியது. எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கு அதன்பின் நடந்ததுதான் சுவாரசியம். சில முறை ஒட்டி எடுத்ததுமே டேப்பின் பிடி தளர்ந்தது. மயிர்கள் சில தரையோடு படுத்துவிட்டன, சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சுவரின் மேடுபள்ளத்துக்கு வளைந்துகொடுக்கும் மயிர், பக்கத்து மயிருக்கும் வளைந்துகொடுக்கத்தானே செய்யும்? பல்லியின் மயிர் கெரட்டின். முன்பு பார்த்த சிலிக்கோன் ரப்பரைவிடப் பல நூறு மடங்கு விறைப்பு.

ரப்பரையே விறைப்பாக்கினால் என்ன? சூரிக் ஐ.பி.எம். ஆய்வகத்தில் 2000இல் அப்படி ஒரு வகை வந்தது. தூண்கள் நின்றன, ஆனால் அது எளிதில் விரிசல் விட்டது. பிறகு, மேலே விறைப்பான மெல்லிய படலம், அடியில் பழைய மெத்து ரப்பர் என்று இரண்டையும் சேர்த்து வார்க்கத் தொடங்கினார்கள்.

ஈரத்தில் உருவாகும் நுண்தூண்களுக்கு உலர்த்தும் வேளைதான் கண்டம். அதற்கொரு தந்திரம் உண்டு. திரவத்தை வெளியேற்றியபடியே அந்த இடத்தில் கரியமில வாயுவை அழுத்தி நிரப்புகிறார்கள். 31 டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே அது திரவமும் இல்லை, வாயுவும் இல்லை. அப்படியே மெல்ல அழுத்தத்தைக் குறைத்தால், தூண்களை இழுக்க விளிம்பே உருவாகாது.