பனிச்சரிவு: ஒரு சொல்லும் அதன் பொருளும்

பெடாஸ் வட்டாரத் தோட்டப் பள்ளியில் 'பனிச்சரிவு' என்ற சொல்லுக்குப் பொருள் கூற வேண்டிய ஆசிரியரின் நிலை எளிதன்று. சுடுநீர் ஊற்றுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்குள்ள மாணவர் அறிந்த பனி, விடியலில் பால்மரங்களுக்கிடையே படரும் மூடுபனியும் புல்நுனித் துளியுமே. முன்பனி, பின்பனி எனப் பருவம் வகுத்த மரபிலும் 'பனி' பெரும்பாலும் இவற்றையே சுட்டிற்று. வானிலிருந்து பொழியும் வெண்பனிக்கும் உறைந்திறுகிய பனிக்கட்டிக்கும் அதே சொல்லையே இன்று ஆளுகின்றோம். சரிவது எது என்பதை இச்சொல்லாட்சி மறைத்துவிடுகின்றது.

மலைச்சரிவில் வெண்பனி ஒரே திரளாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் தனியடுக்காகப் படிகின்றது. தரையை ஒட்டிய அடுக்கு ஏறத்தாழச் சுழியப் பாகை வெப்பத்தில் இருக்க, மேற்பரப்போ கடுங்குளிரில் இருக்கும். இவ்வேறுபாட்டால் நீராவி மேல்நோக்கி நகர, அடியிலுள்ள துகள்கள் பிணைப்பிழந்து சீனி மணிகளைப் போலாகின்றன. அதன்மேல் காற்றால் இறுகிய பலகை போன்ற அடுக்கு அமைந்துவிட்டால், பனிச்சறுக்கு வீரர் ஒருவரின் எடையே அதனைப் பெயர்க்கப் போதும். 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வுகளே மிகுந்த இடருடையவை. சிக்கி மடிவோரில் பெரும்பாலோருக்கு அச்சரிவைத் தூண்டியவர் அவரோ அவருடைய குழுவினரோதாம். வழவழப்பான பலகையில் சீனியைத் தூவி, அதன்மேல் கனத்த புத்தகம் ஒன்றை வைத்து மெல்லச் சாய்த்துக் காட்டினால் வகுப்பறையிலேயே இது விளங்கும்.

எனினும் எல்லாப் பனிச்சரிவும் இவ்வகையின அல்ல. 2016 பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சினில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலை புதையுண்டது. மெட்ராஸ் படைப்பிரிவின் 19ஆம் அணியைச் சேர்ந்த பத்து வீரர்கள் அங்கிருந்தனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டினர். நாளேடுகள் 'பனிச்சரிவு' என்றே எழுதின. ஆனால் இடிந்து விழுந்தது பனிக்கட்டிச் சுவர். மண்வாரியால் அள்ளும் வெண்பனியாக இல்லாமல், மீட்புப் படையினர் பாறை வெட்டும் கருவிகளைக் கொண்டு அறுக்க வேண்டியதாயிற்று. புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் பின் விரைந்து குறைவது பொதுவியல்பு. இலான்ஸ் நாயக் அனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்டது மிக அரிய விலக்கு. அவரும் பிப்ரவரி 11ஆம் நாள் தில்லியில் உயிர்நீத்தார். ஏனைய ஒன்பதின்மரும் முன்னரே இறந்திருந்தனர்.

2021 பிப்ரவரி 7ஆம் நாள் உத்தராகண்டின் சமோலியில் நிகழ்ந்த பேரழிவும் முதலில் 'பனிப்பாறை வெடிப்பு' எனப்பட்டது. பெயர்ந்து விழுந்ததில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பாறையே என்பது பின்னர் அறியப்பட்டது. 'பனிப்பாறை' என்ற சொல்லே பாறையா பனியா என்று மாணவரை மயக்கவல்லது என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

ஆதலின் துளியைப் 'பனி' எனவும், பொழிவதை 'வெண்பனி' எனவும், இறுகியதைப் 'பனிக்கட்டி' எனவும் வகுப்பில் பிரித்து வழங்கலாம். அவ்வாறாயின் சோனத்தில் நிகழ்ந்தது 'பனிக்கட்டிச் சரிவு'; சமோலியில் நிகழ்ந்தது 'பாறை-பனிக்கட்டிச் சரிவு'.