தலைச்சாயமும் தோல் ஒவ்வாமையும்

நரையை மறைக்கப் பயன்படும் நிலையான தலைச்சாயங்கள் பலவற்றின் கருமைக்கு அடிப்படையாக இருப்பது, பாரா-பினிலீன்டையமின், சுருக்கமாகப் பி.பி.டி., எனப்படும் செயற்கைச் சேர்மமாகும். மிகச் சிறிய மூலக்கூறாகிய இது முடியிழைக்குள் எளிதில் புகுந்து, உடன் கலக்கப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடினால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒன்றோடொன்று பிணைந்து பெரிய நிற மூலக்கூறுகளாகி, வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுவதால்தான், பலமுறை தலைக்குக் குளித்த பின்னரும் சாயம் வெளுப்பதில்லை.

இதே வேதிவினை தோலின்மீதும் நிகழ்வதில் ஆபத்து தொடங்குகிறது. அரைகுறையாக ஆக்சிஜனேற்றம் அடைந்த இடைநிலைப் பொருள்கள் தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, அவ்வாறு உருமாறிய புரதத்தை அந்நியமானது எனக் கொள்ளும் 'டி செல்' என்ற வெள்ளணு வகை, மறுமுறை அதனை எதிர்க்கும் ஆயத்தத்தோடு உடலில் நிலைத்துவிடுகிறது. இவ்வெதிர்வினை பூசிய உடனே தோன்றாமல் ஓரிரு நாள் கழித்தே வெளிப்படுவதால், தாமத வகை ஒவ்வாமை எனப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் ஒத்துக்கொண்ட சாயமே ஒருநாள் காதோரத்தையும் நெற்றி விளிம்பையும் சிவக்கவைத்து, நீர்க்கொப்புளங்களை எழுப்பி, கண்ணிமைகள் திறக்க முடியாதபடி முகத்தை வீங்கச் செய்யலாம். ஒருமுறை உண்டான இவ்வொவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும்.

'கறுப்பு மருதாணி' என விற்கப்படுவது இதனினும் கவலைக்குரியது. மருதாணி இலையிலுள்ள லாசோன் என்ற இயற்கை நிறமி செம்பழுப்பையே தரும் என்பதால், கருகருவெனப் பிடிப்பதற்காகப் பி.பி.டி. கலக்கப்படுகிறது. தலைச்சாயத்தில், கலந்து தலையில் பூசும் நிலையில் 2 விழுக்காட்டுக்கு மேல் இச்சேர்மம் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. தோலின்மீது நேரே தீட்டும் கலவையில் அதனை அங்கு அறவே அனுமதிப்பதில்லை. திருவிழாக் கடையில் குழந்தையின் கையில் இதனை வரைந்துவிடுவோர், அக்குழந்தைக்கு வாழ்நாள் ஒவ்வாமையை உண்டாக்கிவிடக்கூடும் என்பதை அறியாமலேயே அதனைச் செய்கின்றனர்.

1933இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயத்தில் இருந்த பி.பி.டி.யால் பெண்கள் பார்வையிழந்தபோது, நடப்பிலிருந்த 1906ஆம் ஆண்டுச் சட்டம் அழகுசாதனங்களைத் தொடவே இல்லை. 1938இல் இயற்றப்பட்ட புதிய சட்டமே அவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. எனினும், நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் தலைச்சாயங்கள், எச்சரிக்கை வாசகம் அச்சிட்டிருந்தால் போதும் என்ற விலக்கு அச்சட்டத்திலேயே இடம்பெற்றது. இமைக்கும் புருவத்துக்கும் பூசினால் பார்வை பறிபோகலாம் என்று இந்திய விதிகளின்படி தலைச்சாய உறைகளில் அச்சிடப்படும் வாசகமும் அக்கொடுமையை நினைவில் கொண்டு படிக்கத் தக்கதே.

அவ்வெச்சரிக்கையுடன், காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ சிறிது சாயத்தைத் தடவி 24 மணி நேரம் சோதித்துப் பார்க்குமாறும் அறிவுறுத்தப்படுகிறது. தாமத வகை ஒவ்வாமை முழுமையாக வெளிப்பட 48 முதல் 72 மணி நேரம் வரை ஆகுமாதலால் அக்கெடு போதாது. ஆகவே, சாயம் பூச விரும்புவோர் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே இச்சோதனையைச் செய்து, சிறு அரிப்புத் தோன்றினாலும் அச்சாயத்தைக் கைவிட்டுத் தோல் மருத்துவரை அணுக வேண்டும். சிறுவர் கைகளுக்குக் கறுப்பு மருதாணியை ஒருபோதும் இடக்கூடாது.