இரைப்பை தன்னைத்தானே ஏன் தின்பதில்லை?

"வயிறு எரிகிறது" என்பவரிடம் "எவ்விடத்தில்?" என்று கேட்டால், பலர் தொப்புளைச் சுற்றித் தடவிக் காட்டுவார்கள். அங்கே இருப்பது குடல். இரைப்பை அதற்கு மேலே, இடப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கிறது. அதன் எரிவு நெஞ்சுக்குழியில் தெரிவது அதனாலேதான்.

வெறும் வயிற்றில் இரைப்பை, மடித்து வைத்த உரப்பை போலச் சுருங்கிக் கிடக்கும். உணவு வர வர உள் மடிப்புகள் விரிந்து ஒரு லீற்றருக்கு மேலும் கொள்ளும். சுவரிலே தசைகள் நீளமாகவும் வட்டமாகவும் சாய்வாகவும் மூன்று படைகளாக ஓடுகின்றன. சோற்றைப் பிசைந்து கூழாக்குவது இவைதான்.

குளத்துக்குத் துருசு இருப்பதுபோல இரைப்பையின் கீழ்முனையிலும் ஒரு தசை வளையம் உண்டு. அது கூழைச் சிறிது சிறிதாகவே திறந்துவிடும். ஒரு நேரச் சாப்பாடு இறங்கி முடிய மூன்று நான்கு மணித்தியாலம் செல்லும். எண்ணெய்ப் பண்டமென்றால் இன்னும் கூட. துருசுக்கு அப்பால் முன்சிறுகுடல், ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர். ஈரல் சுரக்கும் பித்தம் பித்தப்பையில் சேர்ந்திருந்து அங்கே வந்து கொழுப்பை உடைக்கிறது. இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் சதையியின் நீர் புளிப்பை முறிக்கிறது.

அந்தப் புளிப்பு இலேசானதல்ல. இரைப்பை நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லீற்றர் நீர் சுரக்கிறது. அதிலுள்ள ஐதரோகுளோரிக்கமிலமும் நொதியமும் இறைச்சியையே கரைக்கும். இரைப்பையும் இறைச்சிதானே! அதைக் காப்பது அதன்மேல் பூசியதுபோல் இருக்கும் மெல்லிய சீதப் படை. அடியிலுள்ள கலங்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன.

இந்தப் பூச்சு கெட்டால் புண். உறைப்பும் கவலையுமே காரணம் என்று வைத்தியர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்ற இருவர், இரைப்பையில் வாழும் ஒரு பற்றீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் கிருமி வாழுமா என்று பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமியால் வரும் புண்ணைத் தகுந்த மருந்துகளால் மாற்றலாம்.

இடம்பெயர்ந்த நாட்களில் பிள்ளைகளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்க முடியாமற் போனதால்தான் புண் வந்தது என்று தம்மையே நொந்துகொள்ளும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். பட்டினி உடலைக் கெடுக்கும். ஆனால் புண்ணுக்கு முதற்காரணம் அதுவல்ல. கிருமியும், அடுத்ததாக நோவுக்குப் போடும் சில குளிசைகளுமே பெரும்பாலும் காரணம்.

நாரி நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்றவை சீதம் சுரப்பதைக் குறைக்கின்றன. இரத்தத்தின் வழியாகவும் அவை வேலை செய்வதால் ஊசியாகப் போட்டாலும் இந்த ஆபத்து உண்டு. பரசிற்றமோல் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. இருதய நோய்க்கு வைத்தியர் தந்த அஸ்பிரினை மட்டும் அவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

மலம் தார்போலக் கறுத்துப் போனால், அல்லது வாந்தி கோப்பித்தூள்போல வந்தால், உள்ளே இரத்தம் கசிகிறது என்று எண்ணி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணித் தாய்மாரின் இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும். அதைப் போடுகிறவர்கள் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள்.